இருப்பிடம் அறியப்படாதவர்

உம்மு ராக்கான் கூகுளில் முதன்முதலாகத் தட்டியது "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பதைத்தான். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்து முடிப்பதற்குள் அவளுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த உம்மு சைதூன், "முடிச்சிட்டியா? அந்தப் பெரிய பொத்தானை அமுக்கு" என்றாள். அமுக்கினாள். கண்ணைச் சிமிட்டுவதற்குள் திரை முழுக்க எழுத்து கொட்டியது. பதில் சலாம் மட்டும் வரவில்லை.

"என்னடி இது, மரியாதை தெரியாத ஜென்மமா இருக்கு! சலாம் சொன்னா வ அலைக்கும் சலாம்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஏதேதோ கடை கண்ணியெல்லாம் காட்டுது!"

"அது மனுஷன் இல்லடி. மிஷினு."

"மிஷினா இருந்தா என்ன, அரபு தெரியுதுல்ல?"

சிரிக்காதீர்கள். எங்கள் அஜ்லூன் மலையில் ஒரு கட்டு புதினா வாங்கப் போனாலும் கடைக்காரருக்கு முதலில் சலாம் சொல்லி, உடம்பு, பிள்ளைகள், ஆலிவ் விளைச்சல் எல்லாம் விசாரித்த பிறகுதான் புதினா பேச்சையே எடுக்க வேண்டும். நேராக "புதினா கொடு" என்று நின்றால், வளர்ப்பு சரியில்லை என்று அம்மாவைத்தான் திட்டுவார்கள். அப்படி வளர்ந்தவள், முன்பின் தெரியாத ஒன்றிடம் போய் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்பாளா?

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பெண்கள் சங்கத்தில் அந்தக் குளிர்காலம் இணைய வகுப்பு தொடங்கியிருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்கள், நடுவில் ஒரு எரிவாயு அடுப்பு, அதன் மேல் எந்நேரமும் தேநீர். "உனக்கெல்லாம் இது எதுக்கும்மா" என்று பெற்ற பிள்ளைகளிடம் பேச்சு வாங்கிய பெண்கள்தான் அங்கே கூட்டம். சொல்லிக்கொடுத்த மிஸ் அரீஜ் கல்யாணமாகாத சின்னப்பெண். ஆனாலும் பொறுமைசாலி, எல்லாரையும் சித்தி முறை வைத்து "காலா" என்றுதான் கூப்பிடுவாள். மௌஸைத் தரையில் வைத்துக் காலால் மிதித்த ஒருத்தியையும் அவள் சிரிக்காமல் திருத்தினாள். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தையல் மிஷின்தானே.

உம்மு ராக்கான் வந்ததற்குக் காரணம் மாமனார். அபூ ஹாயிலுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. டாக்டர் ஏதேதோ உடற்பயிற்சி சொன்னார், வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துபோனது. "கூகுள்ல கேட்டா படத்தோட காட்டும்" என்று உம்மு சைதூன்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். புருஷன் ஹாயில் வளைகுடா நாட்டில், தமாமில், கட்டடக் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளன். மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, பாஸ்போர்ட் கம்பெனியில் மாட்டிக்கொண்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று. வியாழக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசுவான். மகன் ராக்கான் பட்டாளத்தில், எல்லையில் இருந்தான். வீட்டில் மாமனார், மாமியார், இவள். அவ்வளவுதான்.

முதல் நாளே அந்தக் கருவி அவர்களை ஆட்டிவைத்தது. உம்மு சைதூன் துணிந்து "என் புருஷன்" என்று மட்டும் அடித்தாள். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு விரலை எடுத்தாள். அதற்குள் பெட்டிக்குக் கீழே வரிசையாக வந்து விழுந்தது: என் புருஷன் என்னோடு பேசுவதில்லை. என் புருஷன் கஞ்சன், என்ன செய்ய. என் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிவிட்டான்.

"யா அல்லா!" என்று நாற்காலியோடு பின்னால் போனாள் உம்மு சைதூன். "நான் வாயே தெறக்கலையே! வல்லாஹி, நான் ஒண்ணும் சொல்லல! இதுக்குள்ள ஜின்னு இருக்கு மிஸ், எனக்கு வேணாம்."

"ஜின்னு இல்ல காலா. உங்களுக்கு முன்னாடி மத்தவங்க கேட்டதெல்லாம் அது. நெறைய பேர் எதைக் கேட்டாங்களோ அதை முன்னாடி எடுத்து வைக்கும்."

எல்லாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அந்த வரிகளைப் படித்தார்கள். "இத்தனை பொம்பளைங்களா?" என்றாள் உம்மு ராக்கான். அவளுக்கு மனசே ஒரு மாதிரி ஆகிவிட்டது. முகம் தெரியாத யார் யாரோ வீட்டுக்குள் எட்டிப்பார்த்தது போல இருந்தது. நமக்கு அந்தக் கஷ்டமில்லை, அல்ஹம்துலில்லாஹ், என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். பாவி மகள், சொல்லிக்கொண்டாளே!

மறுவாரம் மிஸ் அரீஜ் ஒரு விளையாட்டு வைத்தாள். "இன்னைக்கு எல்லாரும் அவங்கவங்க பேரைத் தேடுங்க. நீங்க இணையத்துல இருக்கீங்களா பார்ப்போம்."

"நாங்க எதுக்கு இருக்கப்போறோம்? குத்தம் பண்ணினவங்கதான் இருப்பாங்க" என்றாள் ஒருத்தி. உம்மு ராக்கானுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் "உம்மு ராக்கான்" என்று அடித்தாள். வந்தது பாருங்கள்! ஊறுகாய் விற்கிற உம்மு ராக்கான், கனவுக்குப் பலன் சொல்கிற உம்மு ராக்கான், கல்யாண மேக்கப் போடுகிற உம்மு ராக்கான், நாத்தனாரோடு சண்டை போட்டு அதை ஊரறிய எழுதியிருக்கிற உம்மு ராக்கான். உலகத்தில் ராக்கான் என்று பேர் வைத்த எல்லாத் தாய்மாரும் வந்து நின்றார்கள்.

"மகன் பேரை வெச்சுக் கூப்பிடறது இதுக்குப் புரியாது காலா" என்றாள் மிஸ் அரீஜ். "அடையாள அட்டையில இருக்கற மாதிரி சொந்தப் பேர், அப்பா பேர், பாட்டனார் பேர், குடும்பப் பேர், நாலையும் அடிக்கணும்."

விசைப்பலகை மேலிருந்த விரல்களெல்லாம் மடிக்குப் போய்விட்டன. மிஸ் அரீஜுக்கு அது புரிந்திருக்காது, நகரத்தில் படித்தவள். எங்கள் பக்கம் பொம்பளை பேர் தெருவில் புழங்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இன்னொரு பையனின் அம்மா பேரைச் சொல்லிவிட்டால் மூக்கில் ரத்தம் வராமல் விவகாரம் முடியாது. கல்யாணப் பத்திரிகையில்கூட மாப்பிள்ளை பேர் பெரிதாக இருக்கும், பெண்ணுக்கு "இன்னாரின் புதல்வி" என்று போடுவதோடு சரி. உம்மு ராக்கானுக்குப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து புருஷன்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து, யாரும் பார்க்காமல் ஒருக்களித்து வைத்துக்கொண்டு அடித்தாள். சப்ஹா முஃப்லிஹ் சலாமா அல்-ஹவாரின்.

உம்மு சைதூன் எட்டிப்பார்த்தாள். "சப்ஹாவா? உன் பேரு சப்ஹாவா? அடிப்பாவி, இத்தனை வருஷமா ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கோம், எனக்குத் தெரியாதே!"

"மெதுவாப் பேசுடி."

ஊறுகாய்க்காரிகள் ஒருத்திகூட இல்லை. ஒரே ஒரு பதில் வந்தது. அதில் அவள் முழுப்பேரும் தடித்த எழுத்தில் இருந்தது. மேலே ஒரு செய்தித்தாளின் பேர்.

"பேப்பர்ல வந்திருக்கு! இவ பேரு பேப்பர்ல வந்திருக்கு!" என்று உம்மு சைதூன் எழுந்தே நின்றுவிட்டாள். குலுக்கல் பரிசோ, அரசாங்க வீட்டுமனையோ, ஹஜ்ஜுக்குத் தேர்வானவர்களின் பேரோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் வாயில் கையை வைத்துக்கொண்டு ஒரு குலவை போட்டாள். கீழே மருந்துக்கடைக்காரன் திடுக்கிட்டிருப்பான், அப்படி ஒரு குலவை. மற்ற பெண்களும் என்ன ஏதென்று கேட்காமலே சேர்ந்து குலவையிட்டார்கள்.

உம்மு ராக்கான் ஆறாம் வகுப்புவரை படித்தவள். கோர்ட்டு பாஷை அவளுக்குச் சரளமில்லை. விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தாள்.

ஷரீஅத் நீதிமன்ற அறிவிப்பு. சப்ஹா முஃப்லிஹ் சலாமா அல்-ஹவாரின் அவர்களுக்கு, தற்போது இருப்பிடம் அறியப்படாதவர். உம் கணவர் ஹாயில் ஃபந்தி அவாத் அல்-ஹவாரின் தம் வக்கீல் மூலம் இந்நீதிமன்றத்தில் உம்மைத் தலாக் சொல்லிவிட்டதாகப் பதிவு செய்திருக்கிறார். இது முதல் தலாக். அன்றைய தேதியிலிருந்து உமக்கு இத்தா தொடங்குகிறது. இதன்மூலம் உமக்கு அறிவிக்கப்படுகிறது.

குலவை இன்னும் ஓயவில்லை. மிஸ் அரீஜ் பின்னாலிருந்து படித்துவிட்டு, "போதும், நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினாள். அவள் கத்தி யாரும் அதுவரை கேட்டதில்லை.

உம்மு ராக்கான் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். தேதியைப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது. அந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனை வியாழக்கிழமை! "ராக்கானுக்குச் சளி பிடிச்சிருக்கு, பூட்ஸுக்குள்ள ஈரம் போகாம பார்த்துக்கச் சொல்லு", "அப்பாவுக்குப் புண்ணு வந்திடப்போகுது, திருப்பித் திருப்பிப் படுக்க வை" என்று எவ்வளவு கரிசனமாகப் பேசினான்! போன நோன்புப் பெருநாளைக்கு அவள் புதுச் சட்டையைத் திரைக்கு முன்னால் சுற்றிக் காட்டினாள், "அழகா இருக்கு" என்றுகூடச் சொன்னான்.

"இது வேற யாரோடி" என்றாள் உம்மு சைதூன். "உலகத்துல ஒரே பேர்ல ஏழு பேர் இருப்பாங்க."

"நாலு பேரும் ஒண்ணா இருக்குமா? புருஷனுக்கும் நாலும் ஒண்ணா இருக்குமா?"



அந்த நாளில் அந்தப் பத்திரிகை எங்கள் தெருவுக்கும்தான் வந்திருக்கும். மாவுருண்டை பொரிப்பவன் அதில்தான் சுற்றிக் கொடுத்திருப்பான். பள்ளிவாசல் இமாம் படித்திருப்பார், தபால்காரன் படித்திருப்பான். சப்ஹா என்று ஒருத்தி தங்களுக்கு நடுவில் இருப்பது எவனுக்குத் தெரியும்? உம்மு ராக்கான் என்று போட்டிருந்தால் மத்தியானத்துக்குள் ஊரே வாசலில் நின்றிருக்கும். அவனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? நன்றாகத் தெரிந்துதான் செய்திருக்கிறான் படுபாவி.

"மிஸ்" என்றாள் உம்மு ராக்கான். அவள் கண்ணில் இன்னும் ஒரு சொட்டு வரவில்லை. "படத்தை மட்டும் தேடறது எப்படின்னு போன வாரம் சொன்னீங்களே, எங்க அமுக்கணும்?"

"இப்ப வேணாம் காலா. முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

"எங்க அமுக்கணும்னு கேட்டேன்."

மிஸ் அரீஜ் காட்டிக்கொடுத்தாள். உம்மு ராக்கான் புருஷன் பேர் நாலையும் அடித்தாள். யார் யாரோ மீசைக்காரர்கள் வந்தார்கள். நிறைய வந்தால் இன்னொரு சொல்லைச் சேர்த்துச் சுருக்கவேண்டும் என்று மிஸ் சொன்னது ஞாபகம் வந்து, பின்னால் தமாம் என்று சேர்த்தாள். படங்கள் குறைந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டு, வாழ்த்து என்று இன்னொன்றும் சேர்த்தாள். அந்தச் சொல்லை எதற்குச் சேர்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஹாயில் வந்தான். தங்கச் சரிகை போட்ட மாப்பிள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, புதுச் சவரம் செய்த முகத்தோடு, ரெண்டு பக்கமும் ஆட்கள் தோளில் கைபோட்டிருக்க நின்றான். கூட வேலை செய்கிறவன் ஒருவன் போட்ட படம். கீழே எழுதியிருந்தது: எங்கள் அன்பு நண்பர் ஹாயிலுக்குத் திருமண வாழ்த்து, நல்ல குடும்பத்துப் பெண், அல்லாஹ் பிள்ளைச் செல்வம் தரட்டும். தலாக் தேதிக்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

உம்மு சைதூன் படீரென்று தன் தொடையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். உம்மு ராக்கான் அட்டையைப் பைக்குள் போட்டாள், மேலங்கியைச் சரிசெய்தாள், மாமனாருக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து பருப்புச் சூப் வைத்தாள். மாமனாரைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகு துடைத்தாள். மாமியார் உம்மு ஹாயில், "என்ன புள்ள, மூஞ்சி வெளுத்திருக்கு?" என்றதற்கு, குளிர் என்றாள். வேறு என்ன சொல்வாள்? கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இருப்பிடம் அறியப்படாதவர். தலாக்கைக்கூட அவளால் ஒரு பக்கமாக ஒதுக்கிவைக்க முடிந்தது, இந்த ஒரு வார்த்தையை முடியவில்லை. அவன் அப்பாவின் ஈரத்துணியை அலசுகிற குழாயடியில் இருக்கிறாளே, அது இருப்பிடமில்லையா? அவன் பிறந்த அறையில் படுக்கிறாளே, அது அவனுக்குத் தெரியாதா?

மறுநாள் காலையில் மளிகைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷரீஅத் கோர்ட்டுக்குப் போனாள். குமாஸ்தா வயதானவர், சாந்தமான மனிதர். அவள் அட்டையை வாங்கி கம்ப்யூட்டரில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தலாக் ஆன பதிவு இருக்கு தங்கச்சி."

"முதல் தலாக்குன்னு போட்டிருந்துச்சு. திரும்ப எடுத்துக்கலாம்னு சொல்வாங்களே."

"இத்தாவுக்குள்ள, அந்த மூணு மாசக் காத்திருப்புக்குள்ள, எடுத்துக்கலாம். அது எப்பவோ முடிஞ்சுபோச்சு. அவரு எடுத்துக்கிட்டதா இங்க ஒண்ணும் இல்ல." அவர் தொண்டையைச் செருமினார். "இப்ப அவரு உனக்கு அன்னியர். தெருவுல போற ஆம்பள எப்படியோ அப்படி. சேரணும்னா புது நிக்காஹ், புது மஹர்."

"எனக்குத் தெரியவே தெரியாதே!"

"இருக்கற எடம் தெரியலைன்னு சத்தியம் பண்ணினா, பேப்பர்ல போடுவாங்க. போட்டாச்சுன்னா தெரிஞ்ச மாதிரிதான் கணக்கு."

"நான் அவரோட அம்மா வீட்டுலதான் இருக்கேன் அண்ணே. அவரோட அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு அங்கேயேதான் இருக்கேன். ஒரு நாள்கூட வேற எங்கயும் படுத்ததில்ல. வியாழக்கிழமை வியாழக்கிழமை என் மூஞ்சியைப் பாத்துப் பேசறாரு. அவருக்கா தெரியாது?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பொய்ச் சத்தியம் என்று வழக்குப் போடலாம், கொடுக்கவேண்டிய மஹர் பணத்தையும் ஜீவனாம்சத்தையும் கேட்டு வாங்கலாம், ஆனால் தலாக் தலாக்தான் என்று சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் வரவழைத்தார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை வரைக்கும் அவள் பட்ட பாடு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். வாயைத் திறந்தால் வீடு போகும். "தலாக் ஆன பொம்பளைக்கு இங்க என்ன வேலை" என்று மாமியார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். போக்கிடம் ஸர்க்காவில் இருக்கிற அண்ணன் வீடு ஒன்று. அங்கே மதனி இப்போதே ஒரு விருந்தாளிக்கு ரெண்டாவது ரொட்டி எடுத்துவைக்க யோசிப்பவள். ராக்கான் லீவில் வந்தால் எந்த வாசலில் போய் நிற்பான்? பேசாமல் இருந்துவிட்டால் எல்லாம் அப்படியே ஓடும். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் வியாழக்கிழமை வியாழக்கிழமை தலையை வாரிக்கொண்டு, கண்ணுக்கு மை எழுதிக்கொண்டு, யாரோ ஒரு ஆம்பளை முன்னால் போய் உட்காரவேண்டும். இத்தனை நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளை அறியாமல் அவளை ஹராமுக்கு ஆளாக்கிவிட்டானே!

வியாழன் மாலை. மஃரிப் தொழுகை முடிந்தது. டேப்லெட்டை மாமனாரின் தலையணைக்கு எதிரே மருந்துப்பெட்டியில் சாய்த்துவைப்பது வழக்கம். மணி அடித்தது. "உம்மு ராக்கான், வா வா, புள்ள வந்துட்டான்!" என்று மாமியார் கூப்பிட்டாள்.

அவள் உள்ளே வந்தாள். வெளியே போகிறபோது போடுகிற கறுப்பு நீள அங்கி. முக்காட்டை நெற்றிவரை இழுத்து, தாடைக்குக் கீழே ஊசி குத்தியிருந்தாள். ஒரு முடி தெரியவில்லை.

"எங்க கெளம்பிட்ட இந்த நேரத்துல?" என்றாள் மாமியார்.

திரையில் ஹாயிலும் பார்த்தான். "என்ன, வீட்டுக்கு யாராச்சும் வந்திருக்காங்களா?"

"ஆமா. ஒரு அன்னிய ஆம்பள வந்திருக்காரு."

"யாரது?"

"நீங்கதான்."

ஹாயில் சிரித்தான். "என்ன வெளையாட்டு இது? அம்மா, இவளுக்கு என்ன ஆச்சு?"

அவள் அந்த அறிவிப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தாள். அவளுக்கு அது மனப்பாடம் ஆகியிருந்தது. நீதிமன்றம், பேர், தற்போது இருப்பிடம் அறியப்படாதவர், வக்கீல், தேதி. ஒரு சொல் விடவில்லை. குரல் உயரவும் இல்லை. ஹாயிலின் சிரிப்பு வாயில் அப்படியே நின்றுபோனது.

"யார் சொன்னது உனக்கு? எவன் சொன்னான்?"

"கூகுள்ல பார்த்தேன்."

"உனக்குக் கூகுள் பார்க்கத் தெரியுமா?"

அவனுக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். அதற்குப் பிறகுதான் சமாளிக்கப் பார்த்தான். "இங்க பாரு, அது சும்மா ஒரு காகிதம். அந்த வீட்டுக்காரங்க ரெண்டாம்தாரமாப் பொண்ணு குடுக்கமாட்டோம்னுட்டாங்க, அவங்களுக்குக் காட்டறதுக்காகப் பண்ணினது. நீ பாட்டுக்கு அங்கயே இரு. உனக்கு அங்க என்ன கொறச்சல்? நான் ஏதாச்சும் கொறை வெச்சேனா?"

"தலாக்கா?" என்று மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி, கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னு மட்டும்தானேடா சொன்ன! தலாக்குன்னு சொல்லலையே!"

உம்மு ராக்கான் மெல்லத் திரும்பினாள். இதற்கு மேல் ஓர் அதிர்ச்சி மிச்சமில்லை என்று நினைத்திருந்தாள். "மாமி? உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் தெரியும் புள்ள. அது மட்டும்தான். வல்லாஹி, குர்ஆன் மேல ஆணையா தலாக் தெரியாது. உன்கிட்ட சொன்னா நீ போயிடுவ. நீ போயிட்டா இவரை யாரு..." கிழவி முடிக்கவில்லை. முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள், ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தார்கள், கிழவி அந்தக் கல்யாணத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டே! உம்மு ராக்கான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சரி, வீடு போய்விட்டது என்று நினைத்தாள்.

அப்போது அபூ ஹாயில் பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு தெளிவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பெற்ற மகனுக்கும் கட்டின மனைவிக்கும் புரியாது. ராப்பகலாய்க் கூட இருக்கிற உம்மு ராக்கானுக்கு மட்டும்தான் புரியும். வியாழக்கிழமைகளில் அப்பா சொல்வதை மகனுக்கு எடுத்துச் சொல்வதும் அவள்தான். கிழவர் இப்போது நீளமாக என்னவோ சொன்னார். இடது கையைத் தூக்கித் திரையைக் காட்டினார். மூச்சு வாங்கியது, திரும்பவும் அதையே சொன்னார்.

"அப்பா என்ன சொல்றாங்க?" என்றான் ஹாயில்.

இத்தனை நாளும் வராத கண்ணீர் அப்போதுதான் கொட்டியது.

"என்ன சொல்றாங்கன்னு கேக்கறேன்ல!"

"வீட்டுல பொம்பளைங்க இருக்காங்களாம்" என்றாள் விசும்பலுக்கு நடுவில். "எம் மக முக்காடு போட்டுக்கிட்டு நிக்கறா, அவ நிம்மதியா உக்காரணும், அன்னிய ஆம்பளைக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கறாங்க. அதை அணைக்கச் சொல்றாங்க."

"நீயா கட்டிச் சொல்லாத! அப்பா அப்படிச் சொல்லமாட்டாங்க! அம்மா, நீ சொல்லு, அப்பா அப்படியா சொன்னாங்க?"

உம்மு ஹாயில் புருஷனைப் பார்த்தாள். கிழவர் நல்ல கையை ஓங்கிக் கட்டில் சட்டத்தில் ஒரு அடி அடித்தார். அதற்கு எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. மாமியார் மெல்ல எழுந்து, மருந்துப்பெட்டிக்கு முன்னால் போய்க் குனிந்தாள். அந்தச் சாமானை அவள் அதுவரை தொட்டதே இல்லை.

"எதை அமுக்கணும் புள்ள?"

"அந்தச் செவப்ப, மாமி."

அமுக்கினாள்.